செயற்கை நுண்ணறிவு: வல்லுநர் நம்பிக்கையும் பொதுமக்கள் கவலையும்

அன்றாட வாழ்வில் செயற்கை நுண்ணறிவு நன்மை செய்யுமா என்ற கேள்விக்கு அதை உருவாக்குவோர் தரும் விடையும் அதனோடு வாழ்வோர் தரும் விடையும் வெகுவாக விலகி நிற்கின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் பொதுமக்கள் 5,410 பேரிடமும் துறை வல்லுநர்கள் 1,013 பேரிடமும் இதுபற்றிக் கேட்டு, 2025 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டது. அடுத்த 20 ஆண்டுகளில் இத்தொழில்நுட்பத்தால் நாட்டுக்கு நன்மை விளையும் என்று வல்லுநர்களில் 56 விழுக்காட்டினர் கருதினர். பொதுமக்களில் 17 விழுக்காட்டினரே அப்படிக் கருதினர். தமக்கே அதனால் நன்மை உண்டு என்றவர்கள் வல்லுநர்களில் 76 விழுக்காடு, பொதுமக்களில் 24 விழுக்காடு.

இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? மக்களுக்கு விவரம் போதவில்லை என்பது பழகிய விடை. புதியதைக் கண்டு அஞ்சும் மனப்போக்கைச் சிலர் காரணம் காட்டுவர். எந்த வேலைக்குக் கருவி பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே மனப்பாங்கு மாறும் என்பது இன்னொரு விளக்கம். லாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதிலிருந்து தொடங்குவோரும் உண்டு. இவற்றுள் எதுவும் தனித்து நின்று முழு விடையாகிவிடாது. ஆயினும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்கவும் சான்றுகள் இடம் தரவில்லை. ஒருவருக்குத் துறையறிவு எவ்வளவு என்பதைக் காட்டிலும், கருவியை இயக்கும் பக்கத்தில் இருக்கிறாரா, அதன் முடிவுக்கு ஆட்படும் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே அவருடைய கருத்தைக் கூடுதலாகத் தீர்மானிப்பதாகத் தோன்றுகிறது.

விவாதத்தின் எழுபது ஆண்டுகள்

பொதுமக்கள் அஞ்ச, வல்லுநர்கள் ஒரே குரலில் தேற்றினார்கள் என்பது வரலாறு அன்று. முதல் எச்சரிக்கையே துறைக்குள்ளிருந்துதான் வந்தது. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், தானியங்கி இயந்திரங்கள் பெரும் வேலையின்மையை உண்டாக்கக்கூடும் என்று 1950-இல் வெளிவந்த நூலில் எழுதினார். இயங்கத் தொடங்கிய பின் நம்மால் குறுக்கிட முடியாத இயந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைக் கொடுக்கும்போது, நாம் உண்மையில் விரும்புவது அதுதானா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று 1960-இல் சயன்ஸ் இதழில் வாதிட்டார். எதிர்ப்பக்கத்தில், டார்ட்மத் கல்லூரியில் 1956 கோடையில் கூடி இத்துறைக்குப் பெயரும் திட்டமும் கொடுத்தவர்களின் நம்பிக்கை இருந்தது. அவர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் சைமன், மனிதர் செய்யும் எந்த வேலையையும் 20 ஆண்டுகளுக்குள் இயந்திரங்கள் செய்யும் என்று 1965-இல் கணித்தார். அதே ஆண்டில் மெய்யியலாளர் ஹியூபர்ட் ட்ரைஃபஸ் ராண்ட் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, துறையின் அடிப்படை எடுகோள்களையே கேள்விக்கு உள்ளாக்கியது. ஜேம்ஸ் லைட்ஹில் 1973-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து பிரிட்டனில் இவ்வாய்வுக்கான நிதி வெகுவாகக் குறைந்தது.

இக்காலத்தின் விவாதங்களில் இன்றும் பொருத்தம் குறையாதது ஜோசப் வைசன்பாம் எழுப்பியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் எழுதி 1966-இல் வெளியிட்ட எலைசா என்ற நிரல், உளநல ஆலோசகர் பேசும் பாணியில், பயனர் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும். அது நிரல்தான் என்பதை நன்கு அறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடும்போது அவரை அறையைவிட்டு வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். இதைவிட அவரைத் திகைக்க வைத்தது உளமருத்துவர்களின் எதிர்வினை. இத்தகைய நிரல் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று சிலர் ஆர்வத்தோடு எழுதினர். இயந்திரத்தால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், அதனிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று 1976-இல் வெளியிட்ட நூலில் வைசன்பாம் வாதிட்டார். முடியுமா என்ற கேள்விக்குப் பக்கத்தில், தகுமா என்ற கேள்வி அங்கே வைக்கப்பட்டது. இன்றைய கருத்துக்கணிப்புகளில் வல்லுநர்களும் மக்களும் ஒரே வினாவுக்கு விடை சொல்வதுபோலத் தோன்றினாலும், முன்னவர் பெரும்பாலும் முதற்கேள்விக்கும் பின்னவர் இரண்டாவதற்கும் விடை சொல்கிறார்கள் என்று கருத இடமிருக்கிறது.

கணிப்புகள் காட்டுவதும் காட்டாததும்

அண்மை ஆண்டுகளின் திருப்பம் எண்களில் தெளிவாகத் தெரிகிறது. ஆர்வத்தைவிடக் கவலையே மிகுதி என்ற அமெரிக்கர்கள் 2021-இல் 37 விழுக்காடு. 2023-இல் 52 விழுக்காடு. இடையில், 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. பல நாடுகளில் கணிப்பு நடத்தும் இப்சாஸ் நிறுவனத்தின் ஆய்விலும், இத்தொழில்நுட்பம் உள்ள பொருள்கள் பதற்றம் தருவதாகச் சொன்னோர் 39 விழுக்காட்டிலிருந்து 2023-இல் 52 விழுக்காடாக உயர்ந்தனர். அறிமுகம் கூடினால் அச்சம் குறையும் என்ற எளிய எதிர்பார்ப்பு, குறைந்தது இக்குறுகிய காலத்திலாவது, நிறைவேறவில்லை.

நாடுகளுக்கிடையிலான வேறுபாடு இதைவிடப் பெரியது. 2024-இல் இப்சாஸ் எடுத்த கணிப்பில், தீமையைவிட நன்மையே அதிகம் என்றோர் சீனாவில் 83, இந்தோனேசியாவில் 80, தாய்லாந்தில் 77 விழுக்காடு; கனடாவில் 40, அமெரிக்காவில் 39, நெதர்லாந்தில் 36 விழுக்காடு. செல்வ நாடுகள் தயங்குகின்றன, வளரும் நாடுகள் வரவேற்கின்றன என்று இதைச் சுருக்குவது வழக்கம். சுருக்கம் முழுதும் பொய்யில்லை. ஆனால் தென்கொரியா அதற்கு அடங்காது. பியூ மையம் 25 நாடுகளில் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் இத்தாலியிலும் கவலையே மிகுதி என்றவர்கள் 50 விழுக்காடாக இருக்க, தென்கொரியாவில் 16 விழுக்காடே அப்படிச் சொன்னார்கள்.

இந்த ஒப்பீடுகளைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் தன் மாதிரி நகர்ப்புறத்தாரையும் கூடுதலாகப் படித்தவர்களையும் வசதியுள்ளோரையும் நோக்கிச் சாய்ந்தது என்பதை இப்சாஸ் நிறுவனமே தன் குறிப்புகளில் சொல்கிறது. எனவே கனடாவின் எண் ஏறத்தாழ எல்லா மக்களின் குரலாகவும், இந்தோனேசியாவின் எண் ஒரு பகுதியினரின் குரலாகவும் இருக்கக்கூடும். இரண்டாவது, ஒரே கேள்விக்குப் பின்னால் உள்ள நினைவுகள் வேறு. இந்தியாவில் 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினியை எதிர்த்துப் போராடினர். வங்கிகளைக் கணினிமயமாக்குவது 1980-களில் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்களுக்குப் பிறகே வேகம் பிடித்தது. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கணினி என்பது சென்னையிலும் பெங்களூரிலும் கிடைத்த மென்பொருள் வேலை. அந்த நினைவு இன்றைய நம்பிக்கைக்கு ஊட்டமளிக்கிறது என்பது பொருத்தமான ஊகம்தான். சோதித்து நிறுவப்பட்ட முடிவன்று.

வினாவின் பொருளும் உறுதியானதில்லை. மின்னஞ்சலில் குப்பையை வடிகட்டும் நிரல், கடனுக்குத் தகுதி பார்க்கும் நிரல், தானாகக் குறிவைக்கும் ஆயுதம் ஆகிய அனைத்தும் ஒரே பெயரில் கேட்கப்படுகின்றன. அன்றாடச் செயல்கள் ஆறில் செயற்கை நுண்ணறிவு எங்கெங்கே உள்ளது என்று பியூ மையம் கேட்டு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், ஆறையும் சரியாகச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டினரே. மக்கள் நாள்தோறும் பலமுறை இதனோடு தொடர்பு கொள்கிறார்கள் என்று வல்லுநர்களில் 79 விழுக்காட்டினர் நினைக்க, தாம் அப்படித் தொடர்பு கொள்வதாகப் பொதுமக்களில் 27 விழுக்காட்டினரே சொன்னார்கள்.

விவரம் போதாமை என்ற விளக்கம்

மேற்கண்ட கடைசி எண்கள், அறியாமையே கவலைக்குக் காரணம் என்ற கருத்துக்கு வலுச்சேர்ப்பவைபோலத் தெரியும். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 1985-இல் வால்டர் பாட்மர் தலைமையில் வெளியிட்ட அறிக்கை, அறிவியலைப் பொதுமக்கள் புரிந்துகொள்வதை ஒரு தேசியத் தேவையாக முன்வைத்தது. அந்த அணுகுமுறைக்கு அடியில், புரிந்தால் ஏற்பார்கள் என்ற எடுகோள் இருந்ததாகப் பின்னர் வந்த திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

எடுகோளின் பலவீனத்தைக் காட்டிய ஆய்வு ஆட்டு மந்தைகளைப் பற்றியது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் பெய்த மழை, வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் கதிரியக்க சீசியத்தை இறக்கியது. ஆடுகளை விற்பதற்கு விதித்த தடை மூன்று வாரத்தில் நீங்கிவிடும் என்று அறிவியலாளர்கள் கூறினர். அந்தக் கணிப்பு களிமண் நிலங்களில் கிடைத்த தரவை நம்பியது. மலைச்சரிவின் அமிலத் தன்மையுள்ள மக்கிய மண்ணில் சீசியம் புல்லுக்கு மீண்டும் மீண்டும் ஏறியது. கடைசித் தடைகள் 2012-இல்தான் நீங்கின. சமூகவியலாளர் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் பேசி 1992-இல் எழுதிய கட்டுரை, அவர்களின் அவநம்பிக்கையில் அறியாமையைக் காணவில்லை. மண்ணையும் மேய்ச்சலையும் ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். வல்லுநர்கள் அதைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த விண்ட்ஸ்கேல் அணு உலையில் 1957-இல் நடந்த தீவிபத்தில் அதிகாரிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் அவர்களுக்கு நினைவிருந்தது. நிறுவனத்தின் பழைய நடத்தையை வைத்து அதன் புதிய வாக்கை மதிப்பிடுவது பகுத்தறிவோடு ஒட்டிய செயலே.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை இந்த விளக்கத்துக்கு நேரடிச் சிக்கல் ஒன்றும் எழுந்திருக்கிறது. ஸ்டெபனி டல்லி, கியாரா லோங்கோனி, கில் ஆப்பெல் ஆகியோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு, இத்தொழில்நுட்பம் எப்படி இயங்குகிறது என்பதைக் குறைவாக அறிந்தவர்களே அதைப் பயன்படுத்தக் கூடுதலாக முன்வருகிறார்கள் என்று கண்டது. அறியாதவருக்கு அது மாயம்போலத் தெரிவதே காரணம் என்பது அவர்கள் முடிவு. மறுபுறம், படிப்பும் பழக்கமும் கூடியவர்கள் கூடுதல் நம்பிக்கை கொள்வதாகக் காட்டும் கணிப்புகளும் பல உள்ளன. பொதுக்கல்வி, கருவியோடு பழக்கம், இயங்குமுறை அறிவு ஆகிய மூன்றும் வெவ்வேறு. இவற்றைப் பிரிக்காமல் விழிப்புணர்வு என்ற ஒரே சொல்லில் அடக்குவது இவ்விளக்கத்தின் தீராத குறை.

அச்சத்தின் உளவியல்

இரண்டாவது மரபு இடர் உணர்வு ஆய்விலிருந்து வருகிறது. தாமாக மேற்கொள்ளும் இடரை மக்கள் திணிக்கப்படும் இடரைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஏற்கிறார்கள் என்று சான்சி ஸ்டார் 1969-இல் மதிப்பிட்டார். அந்த எண் பின்னர் மறுக்கப்பட்டாலும் கருத்து நிலைத்தது. பால் ஸ்லோவிக் 1987-இல் தொகுத்துக் காட்டியபடி, வல்லுநர்கள் இடரை ஆண்டுக்கு எத்தனை சாவு என்ற கணக்கில் அளக்க, பொதுமக்கள் வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: கட்டுப்பாடு தம் கையில் உள்ளதா, விளைவு பேரழிவாகுமா, அது புதியதா, தீங்கும் நன்மையும் நியாயமாகப் பங்கிடப்படுகின்றனவா. செயற்கை நுண்ணறிவு இவற்றில் பெரும்பாலானவற்றில் மோசமான பக்கத்தில் விழுகிறது. கேட்காமலே வருகிறது, உள்ளே நடப்பது தெரிவதில்லை, பயன் சிலரிடம் குவிகிறது.

ஸ்லோவிக்கின் கருத்தில் மக்களின் பரந்த அளவுகோலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் இம்மரபைக் கையாளும் பலர் அதை மறந்து, அச்சத்தை ஆற்றவேண்டிய நோயாகவே நடத்துகின்றனர். கட்டுப்பாடு தன் கையில் இல்லை என்று உணர்பவருக்கு உண்மையிலேயே கட்டுப்பாடு இல்லாதிருக்கலாம். அப்போது ஆய்வின் பொருள் உணர்வைவிட்டு ஏற்பாட்டுக்கு நகர்கிறது. உளவியல் மரபு அங்கே நின்றுவிடுகிறது.

எந்த வேலைக்கு, யாருக்கு

கருவியின் பொதுப்பெயரை விட்டுக் குறிப்பிட்ட பணிகளைப் பற்றிக் கேட்டால் மனப்பாங்குகள் பெரிதும் நுணுக்கமாகின்றன. ஏடா லவ்லேஸ் நிறுவனமும் ஆலன் டூரிங் நிறுவனமும் 2022 இறுதியில் பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்டோரிடம் 17 பயன்பாடுகளைப் பற்றிக் கேட்டன. புற்றுநோய் வாய்ப்பைக் கண்டறியப் பயன்படுத்துவது நல்லது என்றவர்கள் 88 விழுக்காடு. ஓட்டுநரில்லா காரைப் பற்றி 72 விழுக்காட்டினரும் தானியங்கி ஆயுதத்தைப் பற்றி 71 விழுக்காட்டினரும் கவலை தெரிவித்தனர். ஒரே பயன்பாட்டில் நன்மையையும் கவலையையும் சேர்த்துச் சொன்னவர்களும் நிறைய. இவர்களை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று பிரிக்க இயலாது.

ஆய்வகச் சோதனைகளும் இதே திசையில் சென்றுள்ளன, ஒரு முரண்பாட்டின் வழியாக. கணக்கீட்டு விதிகள் மருத்துவரின் சொந்த மதிப்பீட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ கணிக்கின்றன என்று பால் மீல் 1954-இலேயே காட்டியிருந்தார். அப்படியிருந்தும் மக்கள் அவற்றைத் தவிர்ப்பது ஏன்? பெர்க்லி டீட்வோர்ஸ்ட் குழுவினர் 2015-இல் தந்த விடை: இயந்திரம் ஒருமுறை தவறுவதைக் கண்டுவிட்டால், அதைவிட அதிகம் தவறும் மனிதரையே மக்கள் தேர்கிறார்கள். ஜெனிஃபர் லாக் குழுவினர் 2019-இல் இதற்கு மாறானதைக் கண்டனர்: தவற்றைக் காணாத நிலையில், சாதாரண மக்கள் பிற மனிதரின் அறிவுரையைவிடக் கணினியின் அறிவுரைக்கே கூடுதல் எடை தந்தார்கள், அனுபவம் மிக்க தொழில்முறைக் கணிப்பாளர்களே அதைத் தள்ளினர். பணியைப் பிரித்துப் பார்த்தால் முரண் தணிகிறது. எண்ணிப் பார்க்கும் வேலை என்று கருதப்படுபவற்றில் ஏற்பு அதிகம். மனம் அறியும் வேலை என்று கருதப்படுபவற்றில் குறைவு. மருத்துவத்தில் எதிர்ப்பு வரும்போது, தன் உடலின் தனித்தன்மையை இயந்திரம் கவனிக்காது என்ற எண்ணமே முதன்மைக் காரணம் என்று லோங்கோனி குழுவினர் 2019-இல் காட்டினர்.

இந்த எண்ணத்தைத் தணிக்கும் ஏற்பாடுகள் நடைமுறையில் உண்டு. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வின் 2023-ஆம் ஆண்டு இடைக்கால முடிவுப்படி, செயற்கை நுண்ணறிவின் துணையோடு படங்களை வாசித்தபோது மருத்துவர்களின் வாசிப்புச் சுமை 44 விழுக்காடு குறைந்தது, கண்டறிதல் குறையவில்லை. அங்கே இறுதிச்சொல் மருத்துவரிடமே இருந்தது. பியூ ஆய்விலும் மருத்துவத்தைப் பற்றிய நம்பிக்கை பொதுமக்களிடம் 44 விழுக்காடு. பொருளாதாரத்தைப் பற்றியோ 21 விழுக்காடே. வல்லுநர்களிடம் இவ்வெண்கள் முறையே 84, 69. தேர்தல் என்று வந்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன: நன்மை என்றோர் பொதுமக்களில் 9, வல்லுநர்களில் 11 விழுக்காடு.

பதில் சொல்ல வேண்டியவர் யார்

நான்காவது நிலைப்பாடு மனத்தை விட்டு நிறுவனத்தைப் பார்க்கிறது. கடந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை இதற்கு வலுவான சான்றுகள். நெதர்லாந்து வரித்துறை குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைத் தேடியபோது, குடியுரிமையை ஒரு குறியீடாகக் கொண்ட இடர்க்கணிப்பு நிரலையும் பயன்படுத்தியது. பல்லாயிரம் பெற்றோர் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கினர். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் எனப்பட்ட திட்டம், ஆண்டு வருமானத்தை இரு வாரப் பங்குகளாகச் சராசரி பிரித்து, உதவி பெற்றோரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர்மீது இல்லாத கடனைச் சுமத்தியது. பிரிட்டனில் 2020-இல் தேர்வு நடத்த இயலாதபோது மாணவரின் மதிப்பெண்ணைத் தீர்மானித்த கணக்கீடு, இங்கிலாந்தில் ஆசிரியர்கள் தந்த தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் குறைத்தது. சில நாட்களில் அது கைவிடப்பட்டது.

இவற்றுள் சில, கறாராகச் சொன்னால், செயற்கை நுண்ணறிவே அல்ல. ரோபோடெட் எளிய வகுத்தல் கணக்கு. வல்லுநர் இந்த வேறுபாட்டைச் சுட்டும்போது அவர் சொல்வது சரி. ஆனால் கடன் நோட்டீஸ் பெற்றவருக்கு அது உதவாது. முடிவை எடுத்தது யார், எங்கே முறையிடுவது, தவறு என்று நிறுவும் சுமை யார்மீது என்பவையே அவருடைய கேள்விகள்; கருவி நுண்மையாகும்போது இக்கேள்விகள் கடினமாகின்றனவே தவிர மறைவதில்லை. தீங்கு எல்லோர்மீதும் ஒன்றுபோல விழுவதுமில்லை. முகத்தைப் பார்த்துப் பாலினம் கூறும் வணிக நிரல்களை ஜாய் புலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடாக இருக்க, கருநிறப் பெண்களில் 34.7 விழுக்காடு வரை எட்டியது.

இந்தப் பின்னணியில், பியூ ஆய்வின் அதிகம் பேசப்படாத எண்கள் முக்கியமாகின்றன. தம் வாழ்வில் இத்தொழில்நுட்பம் பயன்படும் விதத்தின்மீது கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்றோர் பொதுமக்களில் 55, வல்லுநர்களில் 57 விழுக்காடு. அரசின் ஒழுங்குமுறை அளவுக்கு மீறிப் போய்விடும் என்பதைவிடப் போதாமல் போய்விடும் என்றே கவலைப்பட்டோர் முறையே 58, 56 விழுக்காடு. பயனைக் கணிப்பதில் எதிரெதிரே நிற்பவர்கள் பொறுப்பைப் பற்றிக் கேட்டால் அருகருகே வந்துவிடுகிறார்கள். வல்லுநர்களுக்குள்ளேயே ஆண்களில் 63 விழுக்காட்டினர் நாட்டுக்கு நன்மை என்று கருத, பெண்களில் 36 விழுக்காட்டினரே அப்படிக் கருதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே துறையில் பணிபுரியும் இருபாலாருக்கிடையே இத்தனை தூரம் இருப்பதைத் துறையறிவின் குறையால் விளக்குவது கடினம்.

தொழிலாளர் அமைப்புகள் இதே கேள்வியை ஒப்பந்த மொழியில் கேட்டுள்ளன. அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற உடன்படிக்கை கருவியைத் தடைசெய்யவில்லை. எழுத்தாளர் அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும், அரசுத் துறைகள் இத்தகைய நிரலை மக்களிடம் கொண்டுபோகுமுன் சமத்துவம், தனியுரிமை, தணிக்கை போன்ற அளவுகோல்களில் மதிப்பிட வேண்டும் என்ற சட்டகத்தை முன்வைத்தது.

இந்நிலைப்பாட்டுக்கும் வரம்பு உண்டு. நிறுவன நம்பிக்கை மிகக் குறைந்த இடங்களிலும் கருவிக்கு வரவேற்பு இருப்பதை அது எளிதில் விளக்காது. மெல்பர்ன் பல்கலைக்கழகமும் கேபிஎம்ஜி நிறுவனமும் 47 நாடுகளில் 48,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 66 விழுக்காட்டினர் அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். நம்பத் தயாராக இருப்போர் 46 விழுக்காடே. நம்பாமலே பயன்படுத்துவது ஒரு பெருங்கூட்டத்தின் நடைமுறையாகியிருக்கிறது. வேறு வழியின்மையா, வசதியா, இரண்டுமா என்பதை இந்த எண்களால் பிரித்தறிய முடியாது.

வல்லுநர் என்போர்

பியூ ஆய்வில் வல்லுநர் எனப்பட்டவர்கள், 2023, 2024 ஆண்டுகளில் துறை மாநாடுகளில் கட்டுரை எழுதியோ உரையாற்றியோ இருந்த, அமெரிக்காவில் வாழ்வோர். கருவி எப்படி இயங்குகிறது என்பதில் இவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்பது பொருளியல் கேள்வி. வகுப்பறை என்ன ஆகும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்த கேள்வி. இந்த எல்லை பெரும்பாலான செய்திகளில் மறைந்துவிடுகிறது.

தம் எல்லைக்குள்ளேயே கூட நிபுணர் கணிப்பு நிலையாக இருந்ததில்லை. அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு தானியங்கிமயமாகும் இடரில் உள்ளது என்று கார்ல் ஃப்ரேயும் மைக்கேல் ஆஸ்பார்னும் 2013-இல் கூறினர். வேலையை முழுதாகப் பார்க்காமல் அதிலுள்ள பணிகளைப் பிரித்துக் கணக்கிட்ட ஓஇசிடி அமைப்பின் 2016 ஆய்வு 9 விழுக்காடு என்றது. கதிரியக்கப் படம் வாசிக்கும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்று ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார்; அவர்களின் தேவை குறையவில்லை. அதே ஹின்டன் 2023-இல் கூகுளைவிட்டு விலகிப் பேராபத்தை எச்சரித்தார். 2018-ஆம் ஆண்டின் டூரிங் விருதை அவரோடு பகிர்ந்த யோஷுவா பென்ஜியோ அந்த எச்சரிக்கையில் சேர, மூன்றாமவரான யான் லெகுன் அதை மிகை என்று மறுத்து வருகிறார்.

2023-இல் 2,778 ஆய்வாளர்களிடம் எடுத்த கணிப்பு இதன் விரிவைக் காட்டுகிறது. நல்ல விளைவுக்கே கூடுதல் வாய்ப்பு என்றவர்கள் 68 விழுக்காடு. ஆனால் வினா கேட்ட விதத்தைப் பொறுத்து 38 முதல் 51 விழுக்காட்டினர், மனித இன அழிவுக்கு ஒப்பான விளைவுக்குக் குறைந்தது 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றனர். எல்லாப் பணிகளையும் இயந்திரம் மனிதரைவிடச் சிறப்பாகச் செய்வதற்கு அவர்கள் குறித்த ஆண்டு 2047. எல்லாத் தொழில்களையும் முழுதாக இயந்திரமயமாக்குவதற்கு 2116. ஏறக்குறைய ஒரே நிலையைப் பற்றிய இரு வினாக்கள். விடைகளுக்கிடையே 69 ஆண்டு தூரம். பொதுமக்கள் கருத்து வினாவின் சொல்லமைப்புக்கு ஆட்படுகிறது என்று குறைசொல்லும்போது, வல்லுநர் கருத்தும் அப்படியே என்பதை மறக்கலாகாது.

தீராத வினாக்கள்

அறியாமை மட்டுமே காரணம் என்ற விளக்கத்தை இனித் தனியாக நிறுத்த முடியாது என்பதற்குப் போதிய சான்று உண்டு. பணியைப் பொறுத்து மனப்பாங்கு மாறுகிறது என்பதும் ஓரளவு உறுதி. பொறுப்பும் கட்டுப்பாடும் கவலையின் மையத்தில் உள்ளன என்பது வலுவான, ஆனால் பெரும்பாலும் செல்வ நாடுகளின் தரவை நம்பிய முடிவு. சிற்றூர்களில் குரல்வழியாக மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்துவோர், எழுதப் படிக்கத் தெரியாதோர், தம் மொழியில் நிரல் தடுமாறுவதை அன்றாடம் காண்போர் ஆகியோரின் கருத்து இக்கணிப்புகளில் ஏறக்குறைய இல்லை.

பயன்பாடு கவலையைத் தணிக்குமா என்பது அடுத்த வினா. இதுவரையுள்ள கணிப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வோர் ஆண்டும் வேறு மனிதர்களைக் கேட்பவை. பயன்படுத்துவோர் கூடுதல் நம்பிக்கையோடு இருப்பது பயன்பாட்டின் விளைவா, நம்பிக்கை உள்ளோரே பயன்படுத்தத் தொடங்கினார்களா என்பதை அவற்றால் பிரிக்க முடியாது. டேவிட் காலிங்கிரிட்ஜ் 1980-இல் சுட்டிய சிக்கலும் இங்கே குறுக்கிடுகிறது: ஒரு தொழில்நுட்பத்தை மாற்றுவது எளிதாக இருக்கும் தொடக்கத்தில் அதன் விளைவு தெரிவதில்லை, விளைவு தெரியும்போது மாற்றுவது கடினமாகிவிடுகிறது. மக்களின் கருத்தை எப்போது கேட்பது என்பதும் இதனால் ஆய்வுமுறைச் சிக்கலாகிறது.

சட்டம் வந்தால் மனப்பாங்கு மாறுமா என்பது இன்னும் சோதிக்கப்படாதது. ஏடா லவ்லேஸ், ஆலன் டூரிங் நிறுவனங்கள் நடத்திய பிரிட்டன் ஆய்வின் முதற்சுற்றில், சட்டமும் ஒழுங்குமுறையும் இருந்தால் தம் தயக்கம் குறையும் என்றோர் 62 விழுக்காடு. 2024 இறுதியில் எடுத்த இரண்டாம் சுற்றில் 72 விழுக்காடு. அது விருப்பம், அனுபவம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்து, சில பயன்பாடுகள்மீதான தடை 2025 பிப்ரவரியில் தொடங்கியது. வேலைக்கு ஆளெடுப்பு, கடன், கல்வி போன்ற உயர் இடர்ப் பயன்பாடுகளுக்கான கடமைகள் படிப்படியாக வரவுள்ளன. முறையீட்டு உரிமை கையில் கிடைத்த பின் கவலை குறைகிறதா என்பதை அறிய, அக்கடமைகள் வருவதற்கு முன்னும் பின்னும் அதே மனிதர்களிடம் அதே வினாக்களைக் கேட்ட தரவு வேண்டும்.